முக்கால் விரல் தாழ்ந்த ஆசனம்

ஒரு காட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் அரசாங்கத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. புலி ராஜா, பதினோரு இலாகா, இலாகாவுக்கு ஒரு முத்திரை. இதில் புரோட்டோகால் இலாகாவுக்கு அதிகாரி, வடமலை என்கிற கீரி. விருந்தாளிக்கு யார் மாலை போடுவது, யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் முதலில் பல்லைக் காட்டுவது, எல்லாம் அவன் பொறுப்பு.

பக்கத்துக் காட்டில் கடல் மாதிரி ஓர் ஏரி. அதை ஆண்ட காட்டெருமை ராஜா, புலி ராஜாவின் ஆருயிர் நண்பர். அதாவது, இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் பாதம் பதித்துவிட்டால், இந்தக் காட்டு மிருகங்கள் அந்த ஏரியில் தண்ணீர் குடிக்கலாம். வடமலைக்கு மூன்று குட்டிகள். மூன்றுக்கும் நாக்கு ஒட்டிப்போய் அழக்கூடத் தெம்பில்லை. "சாயங்காலம் ஏரிக்குப் போறோம். அப்பா சொல்றேன்ல?" என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தான் பாவம்.

எல்லையில் பந்தல் போட்டாயிற்று. காட்டெருமை ராஜா வந்து இறங்கினார். வடமலை சாமந்தி மாலையைப் போட்டான். அவர் அதைக் கழற்றி நிதானமாகத் தின்று முடித்து, "நல்ல வரவேற்பு" என்றார். சரி, அதுகூடப் போகட்டும். கைகுலுக்க வந்த நம் புலி ராஜா, பழக்கதோஷத்தில், விருந்தாளியின் செயலாளராக வந்த மானை ஒரே அடியாக அடித்துத் தின்றுவிட்டார்!

போச்சு, ஏரி போச்சு. வடமலை தடாலென்று காட்டெருமையின் காலில் விழுந்தான்.

"மகாராஜா, மன்னிக்கணும்!"

"எதுக்குய்யா?"

"உங்க செயலாளர்..."

"அட, அவரா? நண்பர்களுக்குள்ள இதெல்லாம் சகஜம். ஒரு இரங்கல் செய்தி போட்டாப் போச்சு. வேற மான் வரும்."

வடமலைக்கு உயிர் திரும்பி வந்தது. அதற்குள் காட்டெருமை ராஜா ஆசனங்களைப் பார்த்துவிட்டார். கண் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது? என் ஆசனம் முக்கால் விரல் தாழ்ந்து கிடக்கு! அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டீங்களா? ஏரியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

வடமலை ஓடிப்போய் அந்த ஆசனத்தின் கீழே ஒரு கல்லை வைத்தான். உடனே புலி உறுமினார். "என் காட்டுலயே நான் கீழயா?" அங்கேயும் ஒரு கல். காட்டெருமை தன் யானைகளைக் கூப்பிட்டுப் பாறையை அடுக்கச் சொன்னார். புலி தன் கரடிகளைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் இரண்டு ராஜாக்களும் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே பனைமர உயரத்துக்குப் போய்விட்டார்கள். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. குதித்தால் எலும்பு மிஞ்சாது. ஆனாலும் "இறக்கி விடுங்க" என்று முதலில் சொல்வது மரியாதைக் குறைவாம்.

அந்த நேரத்தில்தான் புதுச் செயலாளர் கோமளம் என்கிற மான் வந்து சேர்ந்தாள். கையில் ஒப்பந்தம். கூடவே தன் இரங்கல் செய்தியையும் தானே எழுதி எடுத்து வந்திருந்தாள். புலி ராஜா எங்கே என்று நடுங்கிக்கொண்டே கேட்டாள். வடமலை மேலே காட்டினான்.

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவங்களால இறங்க முடியாதா அண்ணே?"

"முடியாதும்மா. பாதம் பதிக்கவும் முடியாது. என் பிள்ளைங்க செத்துரும்."

"அவங்க இறங்காத வரைக்கும் எனக்கு உயிர், உங்களுக்குத் தண்ணி," என்ற கோமளம், ஒப்பந்தத்தைத் தரையில் விரித்துத் தன் ராஜா பதிக்க வேண்டிய இடத்தில் தன் குளம்பைப் பதித்தாள். அடுத்து வடமலையின் முறை. இருபது வருஷ சர்வீஸில் அவன் செய்த முதல் மரபு மீறல். கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைப் பதித்தான்.

சாயங்காலம் மூன்று குட்டிகளும் ஏரியில் வயிறு முட்டக் குடித்து, ஒன்றன்மேல் ஒன்று தண்ணீரை வாரி அடித்தன. வடமலை கரையில் உட்கார்ந்து அழுதான்.

ராஜாக்களுக்கு மூன்று வேளையும் கூடையில் சாப்பாடு மேலே போகிறது. காலையில் ஒரு பக்கம் ஒரு கல், மாலையில் மறுபக்கம் ஒரு கல், தவறாமல் ஏறுகிறது. "யாருய்யா உசரம்?" என்று மேலிருந்து எந்தக் குரல் கேட்டாலும், வடமலையும் கோமளமும் சேர்ந்தே பதில் சொல்கிறார்கள்: "நீங்கதான் மகாராஜா!"

நீதி: அண்டை நாடுகள் நட்பாக இருக்க வேண்டுமானால், தலைவர்களுக்குக் கல் வைப்பதை நிறுத்தாதீர்கள், ஏணி மட்டும் வைத்துவிடாதீர்கள்.