ஏழு ஜோடிக் காதுகளின் ஒப்புதல்

உலகத்தில் காதுள்ள ஜீவன்கள் கோடி உண்டு. காதுக்கென்றே ஒரு குழு வைத்த பெருமை அந்த ஒலிக் காப்பகத்துக்கு மட்டுமே உண்டு. ஏழு பேர் கொண்ட "தர நிர்ணயக் குழு" அது. அவர்கள் ஒப்புதல் இல்லாமல் அங்கே ஒரு தும்மல்கூடப் பதிவாகாது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், துணியில் சுற்றிய, அந்தக் காலத்து ஒலிப்பதிவு மெழுகு உருளையை ஒலிப்பதிவாளரிடம் கொண்டுவந்தார். "எங்கப்பா குரல்மா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். பொறக்கப்போற புள்ளைக்குன்னு ஏதோ பேசி வெச்சிருக்காராம். நான் கேட்டதே இல்ல. ஓட்டினா தேஞ்சிடும்னு அம்மா தொடவே விடல."

"உங்கம்மா சொன்னது சரிதான்யா. ஊசி ஓட ஓட மெழுகு தேயும். ஒரே ஓட்டத்துல நாடாவுல ஏத்தித் தந்துடறேன்" என்றாள் அவள்.

குழுத் தலைவர் பதறிவிட்டார். "தரம் தெரியாததை ஆபீஸ் நாடாவுல ஏத்தறதா? முதல்ல நாங்க கேக்கணும். தனித்தனியா!"

பாசம் தரத்தைப் பாதிக்கும் என்பதால் வாத்தியாரை வராந்தாவில் உட்காரவைத்தார்கள்.

"ஏம்மா இந்த ஆள் இப்படிக் கத்தறார்?" என்றார் முதல் உறுப்பினர், உருளை ஓடத் தொடங்கியதும்.

"அப்ப மைக் கிடையாது சார். புனலுக்குள்ள முகத்தை விட்டுக் கத்தினாத்தான் மெழுகுல பள்ளம் விழும்."

"பணிவற்ற குரல்" என்று அவர் குறித்துக்கொண்டார். இரண்டாமவர், அந்தக் குரல் மூக்கால் பேசுவதாகக் கண்டுபிடித்தார். மூன்றாமவர் பாதியில் டீ குடிக்கப் போனதால், நியாயமாக, முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். ஒவ்வொருவரும் தம் முறையில், உருளை ஓடும்போதே அந்தக் குரலுக்கு மேல் பேசிக் கருத்துச் சொன்னார்கள். அவள் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், தேயுது சார்!"

"தேயட்டுமே. இரைச்சல்தானே தேயுது? இன்னொரு தடவை போடு."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். இருபத்து மூன்றாவது ஓட்டத்தில் குழு ஒருமனதாகத் தலையசைத்தது. கத்தல் இல்லை, மூக்கு இல்லை. "ஏற்ற இறக்கமற்ற, சீரான ஒலி. முதல் தரம்" என்று முத்திரை விழுந்தது; உருளை நாடாவில் ஏறியது.

வாத்தியாரை உள்ளே அழைத்தார்கள். நாடா சுழன்றது. அவர் கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டார். மழை பெய்வதுபோல ஒரே "ஸ்ஸ்ஸ்".

"எங்கப்பா குரல் எங்கேம்மா?"

அவள் நாடாவை நிறுத்தினாள். அவர் குழுவிடம் திரும்பினார். "நீங்கள்லாம் கேட்டீங்களே சார், அவர் என்னதான் சொன்னார்?"

ஏழு பேரும் கோப்பைப் புரட்டினார்கள். கடைசியில் தலைவர், சற்று மனவருத்தத்தோடு, விளக்கினார்.

"ஐயா, நாங்க தரத்தைத்தானே கேட்டோம். அவரை யார் கேட்டா?"