காஞ்சிபுரத்தில் தங்க

பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை வந்தால் நடுவில் ஒரு சுவராவது இருக்கும். கூடப் படித்தவன் மேல் வந்தால் அவன் வேறு ஊரில் இருப்பான். சகலை மேல் வருகிற பொறாமைக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. தீபாவளி, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷம் வந்தாலும் அவனைக் கொண்டுவந்து நம் பக்கத்து இலையில்தான் உட்கார வைப்பார்கள். யாருக்கு அப்பளம் பெரிசு என்பது வரைக்கும் கண் போகும். (போகாது என்று சொல்கிறவர்களுக்குச் சகலை இல்லை, அவ்வளவுதான்.)

என் சகலை பெயர் தினகரன். என் மனைவி மல்லிகாவின் தங்கை புருஷன். நான் பெரிய காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகிற தெருவில், அப்பா காலத்திலிருந்து பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறேன். வீடு மாடியில், கடை கீழே. தினகரன் ஏதோ கார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். திடீரென்று அதை விட்டுவிட்டு, அதே தெருவில் என் கடைக்குக் கொஞ்சம் தள்ளி அவனும் பட்டுக்கடை திறந்தான். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியது நான்தான். திரி பற்றிக்கொள்ளவே இல்லை. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளே காற்றே இல்லை, எனக்குத்தான் தீக்குச்சியைத் திரிவரைக்கும் கொண்டுபோக மனசில்லை.

அவன் கடை நன்றாக ஓடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மாமியார் ஊரான முசரவாக்கத்தில் நடந்த ஒரு காதுகுத்தில் அவர் செய்த காரியம்தான் என்னைச் சாய்த்தது. அவருக்கு அப்போதுதான் புது போன் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வாயால் கேட்டால் அது தேடிக் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டு, பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் முன்னால் அதனிடம் கேட்டார்.

"காஞ்சிவரத்துல நல்ல பட்டு எங்கம்மா கிடைக்கும்?"

அது தினகரன் கடையைக் காட்டியது. பந்தலே சிரித்தது. மாமியாருக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் நியாயமானவர். என் கடையும் வரட்டும் என்று திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"இன்னா மாப்ள, உங்க கடை வரவே மாட்டேங்குது. கீழ தள்ளிக்கினே போறேன், கட்டைவிரலு வலிக்குது."

"சிக்னல் இருக்காது அத்தை" என்றேன்.

"சின்ன மாப்ளைக்கு மட்டும் எப்படிப்பா சிக்னல் இருக்குது?"

அன்றைக்கு என் இலையில் என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தினகரன் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்து வரி விடாமல் படித்தேன். அதில் ஒன்றுமே இல்லை. பட்டு வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளை அப்படியே எழுதி, கீழே அவன் பேசுகிற மாதிரியே பதில் போட்டிருந்தான். அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம், கனமாக இருந்தால் கட்டமாட்டேன் என்கிறார், என்ன வாங்கலாம் என்று ஒரு கேள்வி. புடவையில் சாம்பார் கொட்டிவிட்டது, என்ன செய்யலாம் என்று இன்னொன்று. (சாம்பார் கொட்டினதுக்கெல்லாம் ஒரு பக்கமா? நான் வியாபாரி, வண்ணான் கடையா வைத்திருக்கிறேன்?)

அவனை மடக்கவேண்டும் என்று "உடம்புல உறுத்தாத பட்டு" என்று தேடிப் பார்த்தேன். 'உறுத்தாத' என்ற வார்த்தை அவன் பக்கத்தில் எங்குமே இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியும் அவன்தான் முதலில் வந்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாலும் அதன் கன்னத்தில் ஜரிகை குத்தாது என்று ஓர் ஓரத்தில் எழுதியிருந்தான். அதை வைத்து அந்த மெஷின் அவனைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து அழைத்துவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறது. என் கடைக்கும் ஓர் இணையப் பக்கம் உண்டு, அதில் 'பட்டு' என்ற சொல் இல்லாத வரியே கிடையாது. என்னை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் மாமியாரைப் போலவே இதுவும் பேச்சில் மயங்குகிற ரகம் என்று முடிவு கட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். அல்லது தினகரனிடமே கேட்டிருக்கலாம், சொல்லிக்கொடுத்திருப்பான். ஆனால் அவனிடம் போய்க் கேட்பதைவிடக் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடலாம் என்று அப்போது தோன்றியது. எனவே எனக்குத் தெரிந்த முறையில் இறங்கினேன். எந்த வார்த்தை அதிகமாக இருக்கிறதோ அந்த வார்த்தைக்குத்தான் மதிப்பு என்பது என் கணக்கு. காஞ்சிப் பட்டுக்கு அழகே தங்க ஜரிகை. ஆகவே பழையதை அழித்துவிட்டு, 'தங்க ஜரிகை' என்று பக்கம் முழுக்க எழுதுவது என்று தீர்மானித்தேன். அதில் ஒரு சிக்கல். ஒருவர் ஜரிகை என்கிறார், ஒருவர் சரிகை என்கிறார், இன்னொருவர் ஜரி என்கிறார். எதற்கு வம்பு என்று 'தங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தைப் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன்.

நான் அன்று எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம். "காஞ்சிபுரத்தில் தங்க. கோயில் அருகில் தங்க. குடும்பத்தோடு வாருங்கள், சுத்தமான தங்க. சிங்கிள், டபுள் இரண்டும் உண்டு. முழுவதும் ஏசி. கார் நிறுத்த இடம், குடிநீர், கழிவறை வசதி உண்டு. முகூர்த்த நாட்களுக்கு முன்கூட்டியே சொல்லவும்." (புடவையின் ஒரு பக்கம் மட்டும் கரை இருந்தால் எங்கள் கடையில் சிங்கிள், இரண்டு பக்கமும் இருந்தால் டபுள்.) எழுதிவிட்டுத் தூரமாக நின்று பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. மல்லிகாவிடம்கூடக் காட்டவில்லை. தங்கைக்குச் சொல்லிவிடுவாள்.

கொஞ்ச நாளில் போன் வர ஆரம்பித்தது. ஒன்றிரண்டு பேர் "ரூம் இருக்குதா?" என்றார்கள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள், வைகாசி முகூர்த்தம் உச்சத்தில் இருந்தபோது, ஈரோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

"ஏனுங்க, நாங்க வேன்ல குடும்பத்தோட வர்றோமுங்க. உங்ககிட்ட டபுள் இருக்குதுங்களா?"

"எவ்வளவு வேணும்னாலும் இருக்குதும்மா."

"அஞ்சாறு வேணுமுங்க. நாலு எடத்துல கேட்டுட்டோம், எங்கயும் இல்லைன்னுட்டாங்க."

"எங்கயும் இல்லாதது நம்மகிட்ட இருக்கும்மா. வந்து பாருங்க."

"சுத்தமா இருக்குமுங்களா?"

"சுத்தத்துக்கு நான் கேரண்டி. அப்பா காலத்துப் பேரும்மா இது."

"எங்க மாமனாருக்கு மாடி ஏற முடியாதுங்க."

"எல்லாமே கீழதாம்மா. சாய்ஞ்சு உக்காந்து நிதானமா பாக்கலாம்."

"சாயங்காலம் ஆயிருமுங்க வர்றதுக்கு."

"எப்ப வேணா வாங்க, எவ்வளவு நேரம் வேணா இருங்க. நான் எதுக்கு இருக்கேன்."

அந்த அம்மா நெகிழ்ந்துபோய், "உங்கள மாதிரி மனுசங்களும் இருக்காங்களே" என்றார். ஒரு பட்டுக்கடைக்காரனைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை அது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் மனசு அப்போது முசரவாக்கம் பந்தலில் இருந்தது. ஒரே குடும்பத்துக்கு அஞ்சாறு டபுள், அதுவும் வெளியூரிலிருந்து, நெட்டில் தேடி. இதைத் தினகரன் பார்க்காவிட்டால் என்ன பிரயோஜனம்?

அவனையும் அவன் மனைவியையும் சாயங்காலம் காபிக்கு வரச் சொன்னேன். மாமியாருக்கு ஆட்டோ அனுப்பி முசரவாக்கத்திலிருந்து வரவழைத்தேன். "இன்னா விசேஷம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "சும்மாதான், வியாபாரம் கொஞ்சம் நல்லா போய்க்கினு இருக்குது" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். மெத்தைக்குப் புது வெள்ளைத்துணி விரித்தேன். (எங்கள் ஊர்க் கடைகளில் தரை முழுக்க மெத்தை போட்டு, அதில் வாடிக்கையாளரை உட்கார வைத்துத்தான் புடவை விரித்துக் காட்டுவோம்.) ஏசியை முழுக் குளிரில் வைத்தேன். திண்டுகளையும் தட்டிப்போட்டேன்.

வேன் வந்தது. முதலில் இறங்கியது ஒரு பிளாஸ்டிக் வாளி. அதன் பின்னால் தலையணைகள், ஒரு பாய்ச்சுருட்டு, ஒரு கேஸ் அடுப்பு. தூரத்துப் பயணம், இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டு வாசலிலேயே கும்பிட்டு வரவேற்றேன். முதலில் உள்ளே வந்த அந்த அம்மாவின் மாமனார், பெரிய உடம்பு, பெரிய மீசை, மெத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். துண்டை உதறிப் போட்டார். திண்டைத் தலைக்கு வைத்தார். படுத்துவிட்டார்.

களைத்து வந்திருக்கிறார், வாடிக்கையாளர் தெய்வம் மாதிரி என்று நானும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். தினகரனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, கடையில் இருப்பதிலேயே உயர்ந்த அரக்கு நிறப் புடவையை எடுத்து, ஒரே வீச்சில் அவர் மேல் விழாத குறையாக விரித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"போர்வை அப்பறம் குடு தம்பி. மொதல்ல இந்த ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணு."

போனில் பேசிய அம்மா அதற்குள் சுவரோரம் பைகளை அடுக்கிவிட்டு என்னிடம் வந்தார். "ஏனுங்க, ரூமுங்க எந்தப் பக்கம்? குளிக்கறதுக்குச் சுடுதண்ணி வருமுங்களா?"

மாமியார்தான் கேட்டார், "எந்த ரூமும்மா? இது புடவைக் கடைம்மா."

அந்த அம்மா போனை நீட்டினார். தினகரன் வாங்கிப் படித்தான். முதலில் அவன் உதடு அசைந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டான். மல்லிகா பிடுங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"நான் தங்க ஜரிகையைத்தான் எழுதினேன்" என்றேன். "அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியல."

"தெரிஞ்சதாலதாண்ணா வெனை" என்றான் தினகரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முன்னலாம் அது வார்த்தையை எண்ணிக்கினு இருந்துது. இப்ப ஒரு வார்த்தைக்குப் பக்கத்துல யார் யாரு நிக்கறாங்கன்னு பாக்குது. தங்க பக்கத்துல ஜரிகை நின்னா பொன்னு. தங்க பக்கத்துல கோயிலு, ஏசி, டபுளு, காரு, கழிவறை இதெல்லாம் நின்னா அது இன்னாண்ணா பண்ணும்? ஊரே ரூமு தேடிக்கினு இருக்கற நேரத்துல, பாவம், நல்லது பண்றதா நெனைச்சு உங்களக் காட்டியிருக்குது."

நியாயமாகத்தான் இருந்தது. அவன் வாயிலிருந்து வந்ததால் எரிந்தது.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. முகூர்த்த நேரம், ஊரில் எந்த லாட்ஜிலும் இடமில்லை. மெத்தையில் மாமனார் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். மல்லிகாதான் சட்டென்று எழுந்தாள். "பொம்பளைங்க புள்ளைங்கள்லாம் மாடிக்கு வாங்கம்மா. ஆம்பளைங்க இங்கயே படுக்கட்டும். மெத்தைதான் இருக்குதே." தினகரன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் இட்லி வாங்கி வந்தான். அவன் வாங்கி வந்த சட்னி நன்றாக இருந்தது என்று அவர்கள் சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

விடிந்ததும் எங்கள் வீட்டின் ஒரே குளியலறை முன்னால் வரிசை நின்றது. கடைசி ஆளாக நின்றது நான். குளித்துக் கோயிலுக்குப் போனவர்கள், மத்தியானம் பைகளை எடுக்க வந்தபோது ஆளுக்கொரு பட்டுப் புடவைப் பெட்டியோடு வந்தார்கள். பெட்டி மேல் தினகரன் கடைப் பெயர் இருந்தது.

"நம்ம கடையிலேயே பாத்திருக்கலாமேம்மா" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அதெப்படீங்க?" என்றார் அந்த அம்மா. "படுக்க எடம் குடுத்து, காசும் வேண்டாம்னுட்டீங்க. உங்ககிட்டப் போயி பேரம் பேச வாய் வருமுங்களா? அதான் பாப்பா போன்ல தேடுனா. கனமில்லாத பட்டுன்னதும் அந்தத் தம்பி கடைதான் வந்துச்சு. அவருகிட்ட நல்லா அடிச்சுப் பேசுனோமுங்க."

வேன் கிளம்பும்போது அவர்கள் எல்லோரும் எனக்குக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அன்றைக்கே அந்தப் பக்கத்தை அழித்துவிட்டேன். புதிதாக மல்லிகா எழுதிக் கொடுத்தாள். அதனால் பெரிய பலன் இல்லை. ஈரோட்டுக்காரர்கள் ஊருக்குப் போன கையோடு, ஆளுக்கு ஒன்றாக என் கடையைப் பற்றி நெட்டில் எழுதியிருந்தார்கள். "சொந்த வீடு மாதிரி தங்கினோம்." "மெத்தை அருமை." மாமனார் பெயரில் யாரோ, "போர்வை மட்டும் கொஞ்சம் வழுக்குகிறது" என்று எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் படித்துப் படித்து, நான் லாட்ஜ்தான் என்று அந்த மெஷின் உறுதியாக நம்பிவிட்டது. இன்றைக்கும் வைகாசி, ஆவணி வந்தால் போன் ஓயாது. மல்லிகா யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. தெரிந்தவர் வீடு, மண்டபத்து ரூம் என்று எங்கேயாவது பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். அவர்களும் எழுதுகிறார்கள்.

மாமியார் இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் புது உறவுக்காரர்களிடம் எங்களை வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்கிறார். "இவரு சின்ன மாப்ள, பட்டுக்கடை. இவரு பெரிய மாப்ள, லாட்ஜு." எல்லோரும் சிரிப்பார்கள். முதல் இரண்டு தடவை மறுத்துச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் கவனித்தேன். பட்டுக்கடை என்றதும் அவர்கள் தினகரனைப் பார்த்து மரியாதைக்கு ஒரு தலையாட்டு ஆட்டுகிறார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்கு என்ன பஞ்சம். லாட்ஜ் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுகிறார்கள். "அடுத்த முகூர்த்தத்துக்கு ரூமு கிடைக்குமாங்க?" என்று நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள்.

தினகரன் அந்த நேரத்தில் தனியாக நின்று காபி குடித்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "உங்களைப் பத்தி எழுதறா மாதிரி என்னை எவனும் எழுத மாட்டேங்கறான்ணா" என்றான். முகம் சுண்டியிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். நான் போனை எடுத்து, புதிதாக வந்திருந்த நாலைந்து பாராட்டை அவனுக்கு நிதானமாக வாசித்துக் காட்டினேன்.