ஸ்மார்ட் போர்டுக்குப் போட்ட மாலை

புதிதாக ஒரு சாமான் வந்தால் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு மாலை போட்ட பிறகுதான் கை வைக்கவேண்டும். இதில் என்ன பிழை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுத பூசைக்குக் கொழுந்து அரைக்கிற மிசினுக்கு ஆளுயர மாலை போடுகிறோம். அது ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. (போட்ட பிறகு இன்னும் நன்றாக ஓடுகிறது என்பதுதான் என் கட்சி.)

ஆனால் நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வந்தது. பெரிய டெலிவிசன் மாதிரி சுவரில் மாட்டியிருப்பார்கள். விரலை வைத்தால் எழுதும், கையால் தடவினால் அழியும். லொறி மேட்டில் ஏறாததால், பெற்றோர் நாங்கள்தான் அதைத் தோளில் தூக்கிப் போனோம். அதோடு சரி. அதன்மேல் ஒரு பெட்சீட்டைப் போட்டு மூடி, பக்கத்தில் "மாணவர்கள் தொடக்கூடாது" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பவித்ராவிடம் கேட்டேன்.

"போர்டுல என்னம்மா படிக்கிறீங்க?"

"டீச்சர் எப்பவாவது பெட்சீட்ட எடுத்துட்டு, புத்தகத்துல உள்ள படத்தையே அதுல காட்டுவாங்கப்பா. நாங்க கையக் கட்டிக்கிட்டுப் பார்ப்போம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதற்கு வீட்டில் டெலிவிசன் இல்லையா? தொட்டுப் படிக்கத் தந்த சாமானைத் தொடாதே என்றால், அதை எதற்குத் தந்தார்கள்?

அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்தது. கல்விக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். போர்டைச் சரியாகப் பாவிக்கவில்லை என்றால், அதைக் கழற்றி ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார். டவுன் பிள்ளைகளுக்கு இல்லாததா? எங்கள் தோளில் வந்தது மறுபடி மலை இறங்குவதா? அம்மாளே, நீதான் காப்பாற்றவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பவித்ராவின் வகுப்பை அலங்கரிக்கும் வேலையைப் பள்ளிக்கூடத்து அதிபர் என்னிடம் தந்தார். சும்மா இருப்பேனா? பெட்சீட்டை உருவினேன். சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். மேலே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் செவ்வந்தி மாலை. சூடம் காட்டிக் கும்பிட்டேன். அதிபரே உருகிப்போனார். "அப்படியே கோயில் மாதிரி இருக்குங்க" என்றார்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். சுமதி டீச்சர் இலங்கைப் படத்தைக் காட்டி, மகாவலி கங்கையை வரையப் போனார். போர்ட் அவரை விடவில்லை, தானே வரைந்தது. டீச்சர் அழித்தார், அது மறுபடி வரைந்தது. ஜன்னலால் காற்று அடிக்க அடிக்க, மகாவலி நுவரெலியாவில் கிளம்பி யாழ்ப்பாணம் போய்க் கடலுக்குள்ளும் ஓடியது.

"என்ன டீச்சர் இது? தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் குடுத்து என்ன பிரயோசனம்?" என்றார் அதிகாரி.

அந்தத் "தோட்டத்து" என்ற சொல் என் நெஞ்சில் பாய்ந்தது. வாசலில் நின்றபடியே கத்திவிட்டேன்.

"சேர்! எங்க புள்ளைங்கள ஒருநாளாவது தொட விட்டீங்களா? தொடாம எப்படிங்க சேர் வரும்?"

அப்போதுதான் பவித்ரா எழுந்தாள். "டீச்சர், மாலைதான் தொடுது! மாலை ஆடுறப்பல்லாம் கோடு வருது!"

விரல் எது, செவ்வந்தி எது என்று அந்தப் போர்டுக்குத் தெரியவில்லையாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானுக்கு இதுகூடத் தெரியாதா?

டீச்சர் மாலையைக் கழற்றி என் கையில் திணித்தார். பூசையில் வைத்ததைத் தரையில் போடலாமா? அங்குமிங்கும் பார்த்துவிட்டு அதிகாரியின் கழுத்தில் போட்டேன். யாருக்கு மாலை விழுந்தாலும் கைதட்டிப் பழகிய பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது.

"பவித்ரா, நீயே வந்து ஆத்தச் சரியா வரைம்மா" என்றார் டீச்சர்.

அவள் ஒட்டியிருந்த எழுத்தையும் அதிபரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிபர் தலையாட்டினார். அவள் உள்ளங்கையால் கடலைத் துடைத்துவிட்டு, மகாவலியைத் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோனாள். "இல்லடி, இன்னும் வளையணும்!" என்று இன்னொருத்தி ஓடினாள். அப்புறம் முழு வகுப்பும் போர்டுக்கு முன்னால். வேடிக்கை பார்க்க அதிகாரியும் குனிந்தார். கழுத்து மாலை போர்டில் பட்டு, புத்தளத்தில் புதிதாக ஓர் ஆறு கிளம்பியது.

"சேர், தள்ளி நில்லுங்க!" என்று வகுப்பே கத்தியது.

அவர் தள்ளித்தான் நின்றார். போகும்போது, "போர்ட் இங்கேயே இருக்கட்டும். இனி மூடி வைக்காதீங்க" என்றார். ஒட்டியிருந்த கடதாசியை அதிபரே கிழித்தார்.

அம்மாள் காப்பாற்றினாள் என்கிறேன் நான். என் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. அன்றிலிருந்து நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எனக்குப் பெயர் "எஞ்சினியர்". பைப்பில் தண்ணீர் வராவிட்டால் போதும், என் மனைவி அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவாள்.

"எங்க வீட்டு எஞ்சினியரக் கூப்பிடுங்க. மகாவலியவே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனவரு, ஒரு மாலையப் போட்டுத் தண்ணிய இங்க கொண்டாந்துருவாரு!"