மோரீனின் குரலுக்கு ஐந்து நட்சத்திரம்

இங்கிலாந்து உலகுக்கு வழங்கிய கொடைகளில் இசை இரண்டாவது. இசை விமர்சனமே முதலாவது. இதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தவர், லண்டன் வார இதழ் ஒன்றின் மூத்த விமர்சகர் பெரிக்ரின் லோம்.

2004 மார்ச்சில், ஷெஃபீல்டைச் சேர்ந்த ‘டின் ஹார்பர்’ என்ற மின்னிசை ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு, அது கடைக்கு வருவதற்கு முன்பே, அவர் ஐந்து நட்சத்திரங்களை அருளினார். குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஹெதர் அதை ரயிலில் படித்தாள். முதல் பத்தியில் கண் கலங்கியது. இரண்டாம் பத்தியில் காய்ந்துவிட்டது.

“நாற்பது நொடிக்கு ஒருமுறை, இசையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்குரல் ‘இது உங்களுக்குச் சொந்தமானதல்ல’ என்கிறது. நம் உடைமைச் சமூகத்தின் மனசாட்சி அது. அந்தக் குரலே இந்த ஆல்பம்.”

ஆல்பத்தில் அப்படி ஒரு குரலே கிடையாது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் பிரதி இணையத்தில் கசிந்துவிடக் கூடாது என்று, இசை நிறுவனம் ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் ஒரு குரல் எச்சரிக்கையை ஒட்டியிருந்தது. நாலைந்து ஆண்டுகளாக எல்லா நிறுவனங்களும் செய்வதுதான். பேசியவர் வரவேற்பறையில் தொலைபேசி எடுக்கும் மோரீன்.

மறுவாரமே மற்ற இதழ்களும் விழித்துக்கொண்டன. ஒன்று அந்தக் குரலை ‘இயந்திரத்தின் விம்மல்’ என்றது. இன்னொன்று ‘தாய்மை’ என்றது.

“அன்னிக்கு எனக்கு ஜலதோஷம் கண்ணு,” என்றார் மோரீன், ஹெதரிடம். “அதைத்தான் விம்மல்னு எழுதியிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்காரு.”

நிறுவனத்தில் உடனடியாக ‘உயர்நிலைக் கூட்டம்’ கூடியது. தேநீரும் பிஸ்கட்டும் தீர்ந்ததும் தீர்மானம் நிறைவேறியது.

“விற்பனைப் பிரதியிலயும் மோரீனைச் சேர்த்துடறோம்,” என்றார் மேலாளர் ஜைல்ஸ். “ஜனங்க அவங்களைத்தான் எதிர்பார்க்கிறாங்க.”

“நாலாவது பாட்டு எங்கம்மா இறந்த வாரத்துல நான் எழுதினது,” என்றாள் ஹெதர். “நடுவுல எட்டு நொடி சத்தமே இருக்காது. அது அம்மாவோட இடம். உங்க எச்சரிக்கை சரியா அங்கதான் வந்து விழுது.”

“அந்த இடத்தைத்தான் லோம் ‘மேதைமை’னு எழுதியிருக்காரு. நான் என்னம்மா பண்றது? வெள்ளிக்கிழமை தகடு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள அவரே ஒரு வரி திருத்தம் போட்டா நிறுத்திடறேன்.”

வியாழக்கிழமை ஹெதர் லோமின் அறைக்குப் போனாள். நாற்காலியில் குவிந்திருந்த குறுந்தகடுகளை எடுத்துத் தரையில் வைத்த பிறகுதான் உட்கார முடிந்தது. அவள் சொன்னதை அவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

“ஆக, அது எச்சரிக்கைங்கிற.”

“ஆமா, மிஸ்டர் லோம்.”

“நானும் சமூகத்துக்கு எச்சரிக்கைன்னுதானே எழுதியிருக்கேன்.”

“திருட்டுத்தனமா நகல் எடுக்காதீங்கன்னு சொல்ற எச்சரிக்கை. எனக்கு நட்சத்திரம் வேண்டாம், நீங்களே திருப்பி எடுத்துக்குங்க. எங்கம்மா பாட்டை மட்டும் விட்டுடுங்க. ஒரே ஒரு வரி போதும்.”

“திருத்தம் கிடையாது.” அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆழ்ந்த மனவருத்தம் இருந்தது. “முப்பது வருஷமா எழுதறேன். திருத்தம் போடுங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தர் இந்த மாடிப்படி ஏறினதில்ல. சின்னப் பசங்களாச்சே, பாவம்னு, உங்க ஒரு ஆல்பத்தை மட்டும்தான் போட்டுக் காதால கேட்டுட்டு எழுதினேன். அதுக்கு நீங்க பண்ற கைம்மாறு இது.”