மெஷின் லோயரும் முற்றத்தில் மாட்டிய ஓட்டோவும்

இலங்கையில் எத்தனையோ சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். நன்றாகப் பேசுகிறவர்கள், நன்றாக வழக்கைத் தள்ளித் தவணை வாங்குகிறவர்கள், இரண்டும் வராமல் கோட்டை மட்டும் நன்றாக அயர்ன் பண்ணுகிறவர்கள். ஆனால் கொம்பியூட்டருக்கு நாற்காலி போட்டு, அதற்கும் ஒரு பிளேன்டீ சொல்லி, அது ஆறிப்போனதும் தானே எடுத்துக் குடித்த சட்டத்தரணி மாத்தளையில் மட்டும்தான் இருக்கிறார். அவருடைய பெயர் எங்கள் ஓட்டோ ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியாது. 'மெஷின் லோயர்' என்று கேட்டால் எல்லோரும் கையை நீட்டி பேக்கரி மாடியைக் காட்டுவார்கள்.

நான் பலாபத்வலயில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஹயர் என்று நாங்கள் சொல்லும் சவாரி இல்லாத நேரத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து இப்படிப் பத்தி எழுதுகிறேன். அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த ஓட்டோதான். என் வீட்டுக்கு முன்னால் இருந்த காணியை ஒரு முதலாளி வாங்கினார். நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நேரம் பார்த்து, என் வண்டி போய்வரும் வழிக்குக் குறுக்கே கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். நாங்கள் பின்பக்கத்து ஓடைக்கரையால் நடந்து போகலாம். ஓட்டோ எப்படிப் போகும்? வீட்டுக்குச் சோறு போட்ட வண்டி முற்றத்தில் முடங்கிவிட்டது. பற்றரி செத்துவிடக்கூடாதே என்று தினமும் ஸ்டார்ட் பண்ணி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். மீட்டருக்குக் கீழே ஒரு கோழி முட்டை போட்டது. வருமானம் என்று பார்த்தால் அந்த முட்டைதான்.

முதலாளி பிடித்திருந்தது மாத்தளையிலேயே பெரிய சட்டத்தரணியை. ஊரே அவரை 'பெரிய சேர்' என்று சொல்லும். எதிர்த்தரப்பில் அவர் என்றதும் மற்ற லோயர்மாருக்கெல்லாம் அன்றைக்கே கண்டியில் வேலை வந்துவிட்டது. கோர்ட்டு வாசலில் ஆள் பிடிக்கும் புரோக்கரும் கடைசியில் கையை விரித்தான்.

"அண்ணே, இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். பேக்கரிக்கு மேல இருக்காரு. ஆனா பைத்தியம்னு சொல்றாங்க. எங்களுக்குக் கொமிஷன் குடுக்கவே மாட்டாரு. அதுலேருந்தே தெரியுதுல்ல?"

மாடி ஏறிப் போனேன். மெலிந்த மனிதர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டு தடித்த சட்டப் புத்தகங்களின் மேல், ஒரு லெப்டொப் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இது என் ஜூனியர்," என்றார். "இவன் முன்னால உங்க பேரைச் சொல்லிராதீங்க தம்பி. கட்சிக்காரர் ரகசியம் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது. நீங்க இனிமே சாதிக்காய். கேட்டைப் பூட்டினவர் மிளகு."

பெஞ்சில் இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் இருந்தார். "நான் ஏலக்காய்ங்க," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். "போன வாரம் வரைக்கும் கராம்பா இருந்தேன். வேற ஒரு கராம்பு வந்துருச்சு."

அன்றிலிருந்து நான் சாதிக்காய்தான். கோர்ட்டுக்கு முன்னால் நான் நின்றால் அவர் மாடி ஜன்னலைத் திறந்து, "சாதிக்காய்! மேல வாங்க!" என்று கூப்பிடுவார். என் பெயர் வெளியே தெரியக்கூடாதாம். கீழே பேக்கரிக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

அவருடைய கதையை அவரே சொன்னார். பதினைந்து வருடம் பெரிய சேருடைய பையைத் தூக்கியவர். ஒரு நாள், தனியாக ஒபிஸ் போடப்போவதாகச் சொன்னாராம். "கிளார்க் இல்ல, ஜூனியர் இல்ல, யாரை வெச்சுடா நடத்தப்போற?" என்று பெரிய சேர் சிரித்தாராம். இவர் நேரே போய் லெப்டொப் வாங்கிவிட்டார்.

தோட்டத்து ஆட்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. சிங்களத்தில் வந்த கடிதத்தை நீட்டினால் அங்கேயே மெஷின் தமிழில் விஷயத்தைச் சொல்லிவிடும். மெஷின் சொன்னதை அப்படியே நம்பிவிடவும் மாட்டார். கடிதத்தையும் கையில் பிடித்து, வரிக்கு வரி பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். அப்படிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு வழக்கே வேணாம். ஒரு பதில் கடிதம் போதும்," என்றும் சொல்லிவிடுவார். கீழே புரோக்கருக்கு நெஞ்சு வலிக்கும்.

ஆனால் அந்த ஜூனியர் லேசுப்பட்டவன் இல்லை. என் வழக்குக்கு ஒரு தீர்ப்பை எடுத்துக் கொடுத்தான். வருடம், பக்கம் எல்லாம் சுத்தமாக இருந்தது. எங்களுக்கென்றே எழுதியதைப் போன்ற தீர்ப்பு. லோயர் நூலகத்துக்குப் போய், தூசி தட்டி, தும்மித் தும்மித் தேடிவிட்டு வந்தார். அப்படி ஒரு தீர்ப்பு உலகத்திலேயே இல்லை. உடனே விசாரணை ஆரம்பமானது.

"எங்கடா பார்த்த இதை?"

தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துவதாகவும், இது தன் பொறுப்பு என்றும், இனிக் கவனமாக இருப்பதாகவும் மெஷின் சொன்னது. லோயர் உருகிவிட்டார். "பதினஞ்சு வருஷம் ஜூனியரா இருந்தேன் தம்பி. இவ்வளவு அழகா மன்னிப்புக் கேக்க எனக்கு ஒரு நாளும் வரல்லை." அதற்காக விட்டுவிடவில்லை. தன் கண்ணால் படிக்காத தீர்ப்பைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டினார். மெஷினுக்குத் தெரியட்டும் என்று அதன் முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு ஒத்திகை. மெஷின்தான் பெரிய சேர். 'மதிப்பிற்குரிய நண்பரே, தங்கள் கருத்தை மிகுந்த மரியாதையுடன் மறுக்கிறேன்' என்று அது தொடங்கியது.

"அவரு எந்தக் காலத்துல மரியாதையா மறுத்தாரு? கத்துடா!" என்றார் லோயர்.

கற்பூரப் புத்தி அதற்கு. ஸ்பீக்கர் அதிர, "உங்கள் வாதம் ஓட்டை வாளி! உட்காருங்கள்!" என்று கத்தியது. லோயர் பட்டென்று உட்கார்ந்து, "சரிங்க சேர்," என்றார்.

"சேர், அது மெஷினுங்க."

"தெரியும் தம்பி. கால் கேக்க மாட்டேங்குது."

மெஷின் அதோடு விடாமல், வழி ஒடுக்கம் என்றது, வண்டி எப்போதோ ஒரு தடவை வந்திருக்கலாம் என்றது, கடைசியில் ஓட்டோவைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தே பொருத்தியிருக்கலாம் என்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். லோயர் சிரிக்கவில்லை. "வேற வழி இல்லாட்டி அவரு இதையும் சொல்லுவாரு," என்றார்.

வழக்கு நாள் வந்தது. எல்லாம் சிங்களத்தில் நடந்தது, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். பெரிய சேர் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் பையைப் பக்கவாட்டில் நீட்டினார். என் லோயர் ஓடிப்போய் அதை வாங்கினார். கொண்டுபோய் எதிர்த்தரப்பு மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்துத் துடைத்தும் விட்டார். நான் மனதுக்குள் ஓட்டோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

"அங்கே வாகனம் போகும் வழி ஒரு நாளும் இருந்ததில்லை," என்று தொடங்கினார் பெரிய சேர். "வெறும் ஒற்றையடிப் பாதைதான்."

"அப்படியானால் ஓட்டோ எப்படி உள்ளே போனது?" என்று கேட்டார் நீதவான்.

"பாகம் பாகமாகக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அது வெளியே வந்ததே கிடையாது." சொல்லிவிட்டு என் லோயர் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். "சரிதானே?"

"சரிங்க சேர்," என்றார் என் லோயர்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் எந்தத் தரப்பு?"

கோர்ட்டே சிரித்தது. பின் வரிசையிலிருந்து என்னையும் அறியாமல், "சேர்!" என்று கத்திவிட்டேன். பொலிஸ்காரர் என் தோளை அமுக்கினார். லோயர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க சேர்."

முதலில் அது அவருக்கே கேட்டிருக்காது. திரும்பவும் சொன்னார். "இல்லைங்க சேர். நான் உங்க பை தூக்கின காலத்துல, மழையில உங்க கார் பலாபத்வலயில நின்னுபோச்சு. இந்தத் தம்பி வீட்டு முற்றத்துலதான் ஒதுங்கினோம். அங்கேயிருந்து இதே ஓட்டோ நம்மளை ஏத்திக்கிட்டு, இப்ப பூட்டிக் கெடக்குற வழியாலதான் றோட்டுக்கு வந்துச்சு. நீங்க பின் சீட்டுல, நான் உங்க பையோட. அப்படி நடக்கலைன்னு சொல்லுங்க, நான் உட்காந்துர்றேன்."

எனக்கே மறந்துபோன ஹயர் அது. இதை அவர் மெஷினிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு முன்னால் இதைச் சொல்ல வாய் வருமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை போலும்.

பெரிய சேருக்கும் அந்த மழை அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலும். என்னதான் கத்தினாலும் தெரிந்தே கோர்ட்டில் பொய் சொல்லாத மனிதர். "வந்தோம்," என்றார். "ஹயர் காசும் கூடுதலாகத்தான் வாங்கினான்."

வழக்கு முடியும் வரை கேட் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளை வந்தது.

வெளியே பெரிய சேர் கிட்டே வந்தார். "டேய், திரும்பி வந்துரு. போர்ட்டுல உன் பேரையும் போடுறேன்."

"இல்லைங்க சேர்," என்றார் என் லோயர். இந்தத் தடவை தெளிவாகவே வந்தது. "ஒபிஸ்ல பையன் தனியா இருக்கான்."

பெரிய சேர் போகும் வரை விறைப்பாக நின்றவர், போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினோம்.

"தம்பி, நல்லாச் சொன்னேனா?"

"நல்லாச் சொன்னீங்க சேர்."

"முதல்ல ஒரு தடவை, 'சரிங்க சேர்'னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதை யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கல்ல?"

"யாருமே கவனிக்கல்லைங்க சேர்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. கடவுளிடம் கேட்டு வாங்கலாம் என்றால் இப்படி ஒரு பைத்தியத்தைத்தான் கேட்டிருப்பேன்.