குரங்கு வந்தால் மாப்பிள்ளை போய்விடுவார்

பலாபத்வல,
ஆனி மாதக் கடைசி ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய மச்சான் அழகுமலை அவர்களுக்கு,

முத்துவீரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி நல்லம்மாவும் மகள் சர்மிளாவும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் அந்தச் சொல்லை நம்ப வேண்டாம். ரத்தோட்டையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நிஜமாகவே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கவலைப்படத் தெரியாது, அது ஒரு கொடுப்பினை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனைக் காதில் வைத்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பீர்கள், லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் என் குடும்ப விஷயத்துக்கு ஆலோசனை சொல்வார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விஷயம் நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம்தான். உங்கள் ஊர் சசிக்குமார், மாத்தளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர், சித்திரை வருஷம் கழிந்து அவருடைய அம்மாவோடும் உங்களோடும் பெண் பார்க்க வந்தாரே, அந்த நாளிலிருந்துதான் என் தலையெழுத்து மாறியது. நீங்கள் கேசரியில் கவனமாக இருந்ததால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்க்கவில்லை. டீவிக்குக் கீழே, என் மகன் நிமலன் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து விட்டுப்போன கேம் பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த வீட்டில் முதன்முதலாக வாயைத் திறந்து, "இதுல அந்த வாலு வச்சது வந்துருச்சா?" என்று கேட்டார். அதுவரைக்கும் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்ற என் மகள் நிமிர்ந்து, "இல்ல, அதுக்கு நாலு பேர் வேணும்" என்றாள். மச்சான், இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். என் கல்யாணத்துக்கு முன்னால் நானும் உங்கள் தங்கச்சியும் பேசிக்கொள்ளவே இல்லை, அதுவே மேல் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வால் வைத்தது என்றால் என்ன என்று கேட்பீர்கள். இந்த ஆட்டத்தில் நாலு பேர் நாலு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டீவிக்கு முன்னால் உட்கார வேண்டும். ஆளுக்கொரு பொம்மை. ஓடுவதும் குதிப்பதும் ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவதும்தான் வேலை. பொம்மைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் சிலதுக்கு முகம் கிடையாது, கறுப்பாக நிற்கும், மேலே ஒரு கேள்விக்குறி இருக்கும். அவை மறைந்திருக்கிற ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதை நிறைவேற்றினால்தான் முகம் காட்டும், பிறகு அதையும் வைத்து ஆடலாம். கடைசியில் நிற்கிற கறுப்புக்கு வால் இருக்கிறது. வாலைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. குரங்கு.

நம்முடைய பாட்டைப் பாருங்கள். தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்ந்து, ஒரு துண்டு நிலத்தில் நாலு தென்னையும் கொஞ்சம் மிளகும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், விடிந்ததிலிருந்து குரங்கு. இளநீரைக் குடித்துவிட்டுக் கோம்பையை என் தலைக்குக் குறிபார்க்கிறது. நாலு தென்னை வைத்திருக்கிறவன் கடையில் தேங்காய் வாங்குகிறான். பகல் முழுக்கத் தகரத்தைத் தட்டிக் குரங்கை விரட்டுகிறேன், சாயங்காலமானால் கைகால் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு குரங்கை வீட்டுக்குள் வரவழைக்க உட்காருகிறேன். இதற்குப் பேர் ஓய்வு.

பெண் பார்த்த அன்றைக்கு அவர்கள் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் அல்லவா, சொல்லி அனுப்பவில்லை, ஆளே வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, "அங்கிள், நாலு பேர் வேணும்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றார். நானும் நல்லம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வந்த மாப்பிள்ளையை எப்படி எழுப்பி அனுப்புவது? அவர், சர்மிளா, நான், நல்லம்மா என்று நாலு பேரும் உட்கார்ந்தோம். அவருக்கு ஒரு சமையல்காரன், சர்மிளாவுக்குக் குடை பிடித்த கிழவி, உங்கள் தங்கச்சிக்குத் தொந்தி வைத்த போலீஸ்காரன், எனக்குப் பென்குயின். குரங்கு வருவதற்கு நாலு பேரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து, ஆடுகிற மரப்பாலம் ஒன்றைக் கடக்க வேண்டும், ஒருவர் விழுந்தாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். மூன்றாம் முறை உங்கள் தங்கச்சி, தெரிந்தோ தெரியாமலோ, தொந்தியால் இடித்து என்னை ஆற்றுக்குள் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டுச் சிரித்தாள். நிமலன் வெளிநாடு போனதிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. தண்ணீருக்குள் பென்குயின் தவித்துக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது.

அதிலிருந்து அவர் வாரத்தில் பாதி நாள் வருகிறார். டியூஷன் முடிந்து வருகிறார், பிளேன்டீ குடிக்கிறார், "அங்கிள், இன்னைக்குக் கொண்டாந்துருவோம்" என்கிறார், ஆடுகிறார், போகிறார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்கலாம் என்றால், பெண் வீட்டார் வாயைத் திறந்து கேட்டால் மதிப்புப் போய்விடும், அவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் கட்டளை போட்டுவிட்டுப் போனீர்கள். அந்தக் கட்டளையைக் கட்டிக்கொண்டு நான் பென்குயினோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னை மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அங்கிள், அங்கிள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வேறொரு கறுப்புப் பொம்மை முகம் காட்டியது. தொப்பி போட்ட தவளை. எல்லாரும் கை தட்டினோம், நல்லம்மா பாயாசம் வைத்தாள். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சர்மிளா ஜன்னல் பக்கமாகவே நடமாடினாள், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கினாள், அது வேறு யாரோவாக இருந்தது. காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது, வந்துவிட்டார். ஆனால் எனக்கு அந்த நாட்களில் உறைத்துவிட்டது. தவளை வந்ததற்கே இப்படி என்றால், குரங்கு வந்துவிட்டால் இந்த மனிதனுக்கு இங்கே என்ன வேலை? தேடி வந்தது கிடைத்துவிட்டது, நன்றி அங்கிள் என்று போய்விடுவார். அன்றிலிருந்து, மச்சான், உங்களிடம் மறைப்பானேன், நான் வேண்டுமென்றே விழுகிறேன்.

சும்மா விழுந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று விதவிதமாக விழுகிறேன். ஒரு நாள் தும்மல் வந்த மாதிரி, ஒரு நாள் கண்ணாடி நழுவின மாதிரி, ஒரு நாள் முற்றத்தில் நிஜக் குரங்கு வந்துவிட்டது என்று எழுந்து ஓடி. அவர் பொறுமையாக, "பரவால்ல அங்கிள், இன்னொரு தடவை" என்பார். பாலத்தின் கடைசிப் பலகையில் மூன்று பேரும் கரையேறி நின்று என்னைக் கூப்பிடும்போது, ஒரு விரலை அழுத்தினால் போதும் என்று தெரிந்தும், நான் தண்ணீருக்குள் போகிறேன். கைதேர்ந்த ஆட்டக்காரனுக்குத்தான் இப்படி விழ வரும். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஆனால் எத்தனை நாளைக்கு? ஆடி பிறக்கப் போகிறது. பக்கத்து வீட்டு விமலா நோனா வேலிக்கு மேலால் தலையை நீட்டி "மகுல கவதத?" என்று சிங்களத்தில் கல்யாண நாளைக் கேட்கிறார், நான் மிளகுக் கொடியைப் பார்த்துப் பேசுகிறேன். மோட்டார் சைக்கிள் வருகிறது, போகிறது, வெற்றிலைத் தட்டு வரவில்லை என்று கடைத் தெருவில் பேசுகிறார்களாம். பிள்ளைக்கு முப்பது தாண்டிவிட்டது. முன்னால் வந்த ஒரு சம்பந்தம் ஜாதகத்தில் நின்றது, இன்னொருவர் நாள் குறிக்கிற நேரத்தில் ருமேனியாவுக்குப் போய்விட்டார். இரண்டு முறையும் அவள் அழவில்லை. மறுநாள் காலையில் பிரதேச செயலகத்துக்கு வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் இருந்திருக்காது. எனக்குப் பிரஷர், உங்கள் தங்கச்சிக்குச் சீனி. எங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒரு துணை இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், கடிதம் கண்டதும் அவர்கள் வீட்டுக்குப் போய், யார் மனமும் நோகாமல், பொருத்தம் மறுபடி பார்த்தோம், சரிவரவில்லை என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். உக்குவளையில் ஒரு இடத்தில் பெண் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தலைமயிர் குறைவு, ஆனால் வீட்டில் டீவியே இல்லையாம். அவர்களை ஆடி முடிந்து வரச் சொல்கிறேன். சசிக்குமார் நல்ல பிள்ளை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் வராத சாயங்காலத்தை நினைத்தால் எனக்கே நெஞ்சு கனக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. படிப்பும் சுகமும் அவர்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கட்டும், உங்கள் வீட்டுக் கூரைப் பக்கம் குரங்கு தலைகாட்டாமல் இருக்கட்டும். வேறு எழுத நல்ல செய்தி இல்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்
முத்துவீரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உங்கள் சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதை எல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்துக் கவரில் போடுவதற்குள் சர்மிளா தேநீர் கொண்டுவந்தாள். மேசையில் விரித்தபடி கிடந்ததை நின்றுகொண்டே படித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை, தடுக்கிற துணிவு இருக்கவில்லை. படித்து முடித்துவிட்டு, "அப்பா, அந்தக் குரங்கு தம்பி லீவுல வந்தப்பவே வந்துருச்சு. அவனும் அவன் கூட்டாளிங்களும் கொண்டாந்தாங்க" என்றாள்.

"அப்ப இத்தனை நாளா நாங்க தேடுறது?"

"அன்னைக்கு அவரு கேட்டப்ப இல்லன்னு வாயில வந்துருச்சு. அவங்க போன பொறகு நான்தான் ஆட்டத்தை முதல்ல இருந்து புதுசாத் தொடங்கி வச்சேன்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே சொல்லிட்டேன். அவரும் கல்யாணத்துக்கு அப்பவே சரின்னு சொல்லிட்டாரு. அவங்க அம்மா வெத்தலைத் தட்டோட வர்றேன்னு சொன்னாங்க. நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஏன் என்று மட்டும் கேட்டேன். அவள் தேநீர்க் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தம்பி போனதுல இருந்து நீங்களும் அம்மாவும் நியூஸைப் பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம சாப்பிடுவீங்க. இந்தக் குரங்கைத் தேடுறப்பதான் சண்டை போடுறீங்க, சிரிக்கிறீங்க. நானும் போயிட்டா திரும்ப அப்படியே ஆயிருமேன்னு இருந்துச்சு."

அவளுக்கு யார் துணை என்று நான் சோறு இறங்காமல் இருக்க, எங்களுக்கு யார் துணை என்று அவள் தன் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள். "உங்கம்மா என்னையத் தள்ளிவிடுற வரைக்கும் எங்களுக்குச் சண்டைக்குக் குறைவு வராது. நீ வரச் சொல்லு. அந்தப் பெட்டி மட்டும் இங்கதான் இருக்கும், அது சீதனத்துல சேராது" என்றேன். சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

சாயங்காலம் சசிக்குமார் வந்தார். இன்றைக்குக் குரங்கு வந்துவிட வேண்டும் என்று நான் முடிவுகட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று பேரும் கடந்துவிட்டார்கள். நான் என் முழுத் திறமையையும் காட்டி, மனசார ஆடி, கடைசிப் பலகையில் கால் வைத்து, விழுந்தேன். மறுபடி ஆடியும் விழுந்தேன். இத்தனை நாளும் வேண்டுமென்றே விழுந்ததாக உங்களுக்கு எழுதியதை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன், மையினால் எழுதியாகிவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்து அவர் சொன்னார், "பரவால்ல மாமா, நாளைக்குப் பாத்துக்குவோம்."

ஆகவே மச்சான், அவர்கள் வீட்டுக்குப் போய் எதையும் முடித்துவிடாதீர்கள். தட்டோடு வருகிற அன்றைக்கு நீங்களும் அக்காவும் கூட வாருங்கள். வரும்போது தேங்காயை அங்கிருந்தே கொண்டுவாருங்கள், எங்கள் மரத்தில் குரங்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.