அஞ்சு காசு கூட

பங்குச் சந்தையில் காளை உண்டு, கரடி உண்டு என்பார்கள். மூன்றாவதாக ஒரு ஜீவன் உண்டு. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. விற்கத் துடிக்கும், ஆனால் விற்காது. உதாரணத்துக்கு எங்கள் அடுத்த வீட்டு அஞ்சுகாசு சார்.

சந்தை திறந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாரானால் பூகம்பமே வந்தாலும் அசையமாட்டார். ஒருவன் நூறு ரூபாய்க்கு வாங்கத் தயாராக நிற்கிறான். சார் நூறுக்குக் கொடுப்பாரா? அஞ்சு காசு கூட வைத்து ஆர்டர் போடுவார்.

முன்பெல்லாம் விலை அஞ்சஞ்சு காசாகத் தாவும். வாங்குகிறவன் ஒரே தாவலில் வந்து சாரைப் பிடித்துவிடுவான். இப்போது சந்தைக்காரர்கள் விதியை மாற்றி, ஒவ்வொரு காசாக நகரலாம் என்றுவிட்டார்கள். அவன் ஒரு காசு, இரண்டு காசு என்று நெருங்கி வருவது சாருக்குக் கண்ணெதிரே தெரிகிறது. நாலு காசு வந்ததும் செல்போனைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவார்.

"ஓடி வர்றானே! இவனுக்கு என்னமோ தெரியும்!"

ஆர்டர் ரத்து. ரத்து செய்யக் காசா, பணமா? மறுபடி அஞ்சு காசு கூட்டிப் போடுவார். இதற்குப் பெயர் வியாபாரமாம்!

பங்குகள் சாரின் கணக்கில் இருந்தாலும், வாங்கியது அவர் மனைவி தைத்துச் சேர்த்த பணத்தில். மூன்று வருடமாக வீட்டு வாசல் நடைபாதையில் மெஷின் போட்டு, போகிறவர் வருகிறவர் காலிடிக்கத் தைக்கிறார். தெருமுனையில் ஜன்னல் வைத்த அறை ஒன்று காலி. பங்கை விற்றால் முன்பணம் கட்டி மெஷினை அங்கே மாற்றிவிடலாம். வெள்ளி சாயங்காலம்வரை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று அறையின் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

திங்களிலிருந்தே மனைவி கேட்டார்: "ஏங்க, வித்தாச்சா?"

"இரும்மா, அஞ்சு காசுல நிக்குது."

வெள்ளி மதியம் ஏதோ கெட்ட செய்தி. விலை சரிந்து, ஒரு நாளில் இதற்கு மேல் விழக்கூடாது என்று சந்தை போட்ட தடுப்பில் போய் முட்டி நின்றது. விற்க ஆயிரம் பேர். வாங்க ஒரு ஈ காக்கை இல்லை.

சார் கொதித்தார். "இதெல்லாம் ஒரு சந்தையா? இருந்த ஆர்டரையெல்லாம் தூக்கிட்டு ஓடிட்டானுங்க! பொறுப்பில்லாத பசங்க! எல்லாரும் இப்படிப் பண்ணா சந்தை எப்படிங்க நடக்கும்?"

மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "அந்த எல்லாரும் யாருங்க?"

சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் அந்த அறையில் பூட்டு ரிப்பேர்காரர் பலகை மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு வந்த சாரின் மனைவி, யாரோ ஒருவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

நீங்களும் உச்சுக் கொட்டுகிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுப் பழைய பீரோவை, போன மாதம் வந்தவருக்கு நீங்கள் சொன்ன விலைக்கே கொடுத்தீர்களா? அல்லது அவர் தலையாட்டியதும், "அடடா, கூடக் கேட்டிருக்கலாமோ" என்று உள்ளே இழுத்துக்கொண்டீர்களா?

சரி சரி, கண்ணாடியைத் துடைக்காதீர்கள்.